பருமன் ஒரு பாவமா?

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்றனர் நம் முன்னோர். அதற்காக, உடல் பருத்தவரைப் பழிப்பது முறையாகுமா?

சிதம்பரத்திலிருந்து நாள்தோறும் இரயிலில் கடலூர் வந்து எங்களோடு படிக்கிறாள் ஒரு தோழி. அவளுக்குப் “பூசணிக்காய்” என்று பெயர் சூட்டியவர்கள் நாங்களேதான். பல நாட்கள் மதிய உணவைக் காகங்களுக்கு இட்டுவிட்டுப் பட்டினி கிடந்த அவள், ஒரு நாள் காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்தாள். அன்றுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. உண்மையைத் தேடிப் படித்தோம்.

கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே எண்ணியிருந்தோம். அதுவும் ஹார்மோன்களைச் சுரக்கிறதாம்! 1994-இல் நியூயார்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின், “போதும்” என்று மூளைக்குச் சொல்லும் தூதுவன். மற்றொன்று அடிபோனெக்டின், இன்சுலின் நன்கு வேலை செய்ய இது துணைபுரிகிறது. வயிற்றில் கொழுப்பு மிகும்போது இது குறைகிறது. அப்போது இன்சுலின் கதவைத் தட்டினாலும் செல்கள் எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

இதில் மரபணுவுக்கும் பங்குண்டு. அடிபோனெக்டின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்போரிடம் அந்த ஹார்மோன் குறைவாகவும், பருமனும் நீரிழிவும் மிகுதியாகவும் இருப்பதைச் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2008-இல் வெளியிட்டனர். பிறப்பிலேயே வந்த ஓர் எழுத்துக்காக ஒருத்தியைப் பழிக்கலாமா?

மெலிந்த தோழியரே, நீங்களும் மகிழ வேண்டாம்! ஒரே உயர எடை விகிதம் உள்ள வெள்ளையரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம் என்கின்றனர் அறிஞர். 2023-இல் வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது.

அப்படியானால் எல்லாம் தலைவிதியா? இல்லை. நீரிழிவின் வாயிலில் நின்றவர்களிடம் சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. உணவை ஒழுங்குபடுத்தி, நாள்தோறும் நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைந்தது. மரபணு விதைதான், நீர் ஊற்றுவது நம் பழக்கமே.

ஆகவே, அன்னையரே, பட்டினி மருந்தன்று. சோற்றைச் சற்றுக் குறைத்து, காயும் பயறும் மீனும் கூட்டித் தாருங்கள். மதிப்பிற்குரிய சகோதரிகளே, பத்தாம் வகுப்பு வந்ததும் எங்கள் உடற்பயிற்சி வகுப்பு கணக்கு வகுப்பாகி விடுகிறது. அதை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டுகிறோம். கணக்கில் ஒரு மதிப்பெண் குறைந்தால் அடுத்த தேர்வில் பெறலாம். உடல்நலத்தை எந்தத் தேர்வில் பெறுவது?

தோழியரே, வாருங்கள்! கடலூர் வெள்ளிக் கடற்கரையிலும் சிதம்பரம் தேர் வீதிகளிலும் கைகோத்து நடப்போம். எங்கள் தோழியை இப்போது நாங்கள் அவள் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம். மதிய உணவை அவள் எங்களோடு அமர்ந்தே உண்கிறாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி