கோவிலை விட்டவனுக்குப் போக்கிடம் எது?

சென்ற வாரம் ஒரு கூட்டம் முடிந்து நாம் புறப்படும் சமயத்தில், நடுத்தர வயதுள்ள தோழர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்து, "ஐயா, தாங்கள் சொல்லுவதையெல்லாம் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் எங்கே போய் அழுவான்? கோவிலாவது இருக்கிறதே!" என்றார். இம்மாதிரிக் கேள்விக்கு நம்மவர்களில் சிலர் சிரித்துவிடுவது வழக்கம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அது வாதத்துக்காகக் கேட்ட கேள்வியல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நின்றபடியே நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியளிக்கவில்லையாதலால், ஒரு மனிதருடைய வாழ்க்கையைக் கொண்டு இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

அவர்தான் சார்லஸ் டார்வின். மனிதனுக்கும் குரங்குக்கும் உறவு சொன்னவர் என்கிற அளவில் அவர் பெயர் மேடைகளில் அடிபடுகிறதேயன்றி, அவர் பாதிரியாவதற்காகப் படித்தவர் என்பது அநேகருக்குத் தெரியாது.

1809-ம் வருஷம் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் ஒரு வைத்தியருக்குப் பிள்ளையாய்ப் பிறந்தார். தகப்பன் தொழிலே பிள்ளைக்கும் என்று 1825-ல் எடின்பரோவுக்கு வைத்தியம் படிக்க அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தையை அறுப்பதைக் காணச் சகியாமல் ஓடி வந்தவர், பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சரி, பாதிரி வேலைக்காவது ஆகட்டும் என்று 1828-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். (வேறொன்றுக்கும் ஆகாத பிள்ளையைக் கடவுள் காரியத்துக்கு விடுவது எல்லாத் தேசத்திலும் உண்டு போலும்!) பைபிளில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் மெய் என்பதில் அப்போது அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மனமெல்லாம் வண்டு பிடிப்பதில். இரு கைகளிலும் வண்டு இருக்கையில் மூன்றாவதொன்று கண்ணில் படவே, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாராம். அது காரமான நீரைக் கக்கி நாக்கைச் சுட, துப்பிவிட்டார். மூன்றாவதும் கை தப்பிப்போயிற்று.

1831-ல் பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவர அவருக்கு அழைப்பு வந்தது. நாளைக்குப் பாதிரியாகப் போகிறவனுக்கு இது கௌரவமல்ல என்று தகப்பனார் மறுத்தார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் குறுக்கிட்டுப் பேசிச் சம்மதம் வாங்கினார். அவ்வருஷம் டிசம்பர் 27-ந் தேதி கிளம்பிய கப்பல் 1836 அக்டோபரில்தான் திரும்பிற்று. பாதிரியாவதில்லை என்று அவர் ஒரு நாளும் சபதம் செய்யவில்லை. அந்த உத்தேசம் பிரயாணத்தோடு தானாகவே செத்துப்போயிற்று. நம்பிக்கையும் அதன்பின் சிறுகச் சிறுகக் கழன்றது. அது போன வேகம் அவ்வளவு மெதுவாயிருந்ததால் தமக்கு அதில் வேதனையே தெரியவில்லை என்று முதுமையில் எழுதினார்.

நிற்க, இயற்கையைப் பார்த்தால் கடவுள் தெரியும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பிரேசில் தேசத்துக் காட்டுக்குள் நின்றபோது டார்வினுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. பிற்காலத்திலோ எவ்வளவு பெரிய காட்சியும் அந்த எண்ணத்தைத் தராது என்று ஒளியாமல் சொன்னார். ஒருவகைக் குளவி உயிருள்ள புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் அப்புழுவை உள்ளேயிருந்து தின்று வளருகின்றன. இதைக் கருணையுள்ள ஒருவன் வேண்டுமென்றே படைத்திருப்பான் என்று நம்பத் தம்மால் முடியவில்லையென்று 1860-ல் ஒரு நண்பருக்கு எழுதினார். ஆகவே அவர் கண்ட இயற்கை நம்மைத் தாலாட்டுகிற தாயல்ல.

இனி அந்தத் தோழர் கேட்ட விஷயம். டார்வின் தம் மாமன் மகள் எம்மாவைத்தான் மணந்தார். அந்தம்மாளோ பக்தியுள்ளவர். அவர்களுடைய மகள் ஆனி, 10 வயதில், 1851 ஏப்ரலில் நோயில் இறந்தாள். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தார் மாதாகோவிலுக்குள் போக, அவர் வெளியில் உலாவப் போய்விடுவார். மனைவியைத் தடுத்தவருமல்லர், ஊர்ப் பாதிரியோடு பகைத்தவருமல்லர்.

அவர் வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் மரங்களினூடே ஒரு மணற்பாதை போட்டிருந்தார். தினந்தோறும் அதில் சுற்றுவார். சுற்றுக் கணக்குத் தவறாமலிருக்கச் சில கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் காலால் தள்ளுவார். இதுவும் பிரதட்சணந்தானே என்று யாராவது கேலி செய்யலாம். செய்யட்டும், நடுவில் சாமி இல்லை, தட்டில் காசு விழவில்லை.

1858 வசந்தத்தில், உடம்பும் மனமும் களைத்து மூர்பார்க் என்னுமிடத்தில் வைத்தியத்துக்கிருந்தபோது, ஒரு நாள் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டார். கண் விழித்தால் சுற்றிலும் பறவைகளின் கூச்சல், அணில்கள் மரமேறுகின்றன, மரங்கொத்தி சிரிக்கிறது. இவையெல்லாம் எப்படி உண்டாயின என்ற விசாரமே அந்நேரம் தமக்கு இல்லையென்று மனைவிக்கு எழுதினார். உயிர்கள் எப்படி உண்டாயின என்பதையே இருபது வருஷமாய் ஆராய்ந்தவர் இப்படி எழுதினார்! இரண்டு மாதத்துக்குள் அவருடைய கைக்குழந்தையும் காய்ச்சலில் இறந்தது. அடுத்த வருஷமே உலகத்தைப் புரட்டிய அப்புத்தகம் வெளிவந்தது.

இதனால் அவர் துக்கம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொன்னால் அது புரோகிதர் பேச்சாகிவிடும். ஆனியை நினைத்தால் இன்னும் சில வேளைகளில் கண்ணீர் வருகிறதென்று 25 வருஷம் கழித்தும் எழுதியிருக்கிறார். மறு உலகில் அவளைப் பார்க்கலாமென்று அவரிடம் அவர் பொய் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அழுதார், நடந்தார், எதிரில் இருப்பதைக் கூர்ந்து பார்த்தார். கடைசிக் காலத்தில் மண்புழுவை ஆராய்ந்தார். சட்டியில் வைத்து அதற்குப் பியானோ வாசித்துக் காட்டி, காது கேட்கிறதா என்று சோதித்தார்கள், அது அசையவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்ததும் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடிற்று. அந்தப் புத்தகம் 1881-ல் வெளிவந்தது. மறு ஏப்ரலில் அவர் காலமானார். சாகும்போது மனந்திரும்பினார் என்று ஒரு கதை 1915-ல் கிளப்பப்பட்டது. அவர் மகளே அதைப் பொய்யென்று மறுத்தார்.

நம்மைக் கேள்வி கேட்ட தோழரின் ஊரில் ஏரிக்கரை நல்ல நீளம். அடுத்த தடவை போகையில் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், அவரோடு அதில் நடந்துவரலாமென்றிருக்கிறோம்.