அப்பா என்றால் 'ஜோர்'... அம்மா என்றால்?

"இந்த வயசில் உனக்கு எதற்கு ஸ்பானிஷ்?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பெண் மெக்சிகோ நகரத்தில் வேலை பார்க்கிறாள். போய் இறங்கினால் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நாலு வார்த்தை பேச வேண்டாமா? தினம் ஒரு சொல் என்று நோட்டில் எழுதி வருகிறேன்.

'பாத்ரே' என்றால் தகப்பனார். சர்ச்சில் இருக்கும் சாமியாருக்கும் அதே பெயர்தான். போர்ச்சுகீசியர் மூலம் தமிழுக்கு வந்த 'பாதிரி'யும் இதன் உடன்பிறப்பே. ஆனால் மெக்சிகோவில் புதுச் சட்டையைப் பார்த்து, "கே பாத்ரே!" என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் "என்ன அப்பா!", கருத்தோ "அடடா, என்ன ஜோர்!" படம் நன்றாயிருந்தால் 'மூய் பாத்ரே'. ரொம்பப் பிரமாதமென்றால் 'பாத்ரீசிமோ'. இது மெக்சிகோ பேச்சு. ஸ்பெயினில் இப்படிச் சொல்லும் வழக்கமில்லை.

சரி, அம்மாவுக்கு என்ன மரியாதை? 'மாத்ரே' என்றால் தாய். ஆனால் 'மே வாலே மாத்ரே' என்றால் "எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை!" 'தெஸ்மாத்ரே' என்றால் ஒரே களேபரம். 'மாத்ராசோ' என்றால் பலத்த அடி. 'ஆ தோதா மாத்ரே' என்பதோ பாராட்டு. இவையெல்லாம் பெரியவர்கள் முன்னால் வாயில் வரக்கூடாத கொச்சைகள்.

இத்தனைக்கும் 1922 முதல் மே 10-ந் தேதியை அன்னையர் தினமாகக் கொண்டாடும் நாடு அது. தலைநகரில் தாய்க்கென்றே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, 1949-ல் அதே தேதியில் திறந்தார்கள். பின் ஏன் இப்படி? எதை உயர்வாக வைத்திருக்கிறோமோ அதைத் தொட்டால்தானே சுருக்கென்று தைக்கும்! நம் தெருச் சண்டையில் மட்டும் என்ன, முதலில் இழுக்கப்படுவது அம்மாதானே?

"அதெல்லாம் வெறும் பேச்சும்மா, யாரும் அர்த்தம் நினைச்சு சொல்றதில்லை" என்கிறாள் என் பெண். எனக்கு மனசு ஒப்பவில்லை. நினைத்துச் சொல்வதைவிட நினைக்காமல் சொல்வதுதான் குழந்தைகள் காதில் சீக்கிரம் ஏறுகிறது. அப்பா பெயரில் பாராட்டும், அம்மா பெயரில் அலட்சியமும் கேட்டு வளரும் பிள்ளை எதைக் கற்கும்?

அங்கே போகும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. ஒருவரின் தாயாரை நலம் விசாரிக்கும்போது 'து மாத்ரே' வேண்டாம். வசவுபோல் காதில் விழும். "கோமோ எஸ்தா சு மமா?" என்று கேளுங்கள். 'சு' என்பது நம் 'உங்கள்' மாதிரி மரியாதைச் சொல். 'மமா' அன்புச் சொல். கேட்டவர் முகம் மலரும்.

ஸ்பானிஷ் கிடக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் 'அம்மா' எந்த வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்று, ஒரு நாள் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்களேன்!