ஹாஸ்டல் ஸ்ட்ரிக்டா?



அட்மிஷன் சமயம் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஹாஸ்டல் பற்றித்தான். "டீச்சர், பொண்ணுக்கு சீட் கிடைச்சிருக்கு. லேடீஸ் ஹாஸ்டல் ஸ்ட்ரிக்டா?" பையனைச் சேர்க்கும்போது அதே பெற்றோர் கேட்பது, "மெஸ் சாப்பாடு எப்படி டீச்சர்?"

ஆண்களும் பெண்களும் படித்த ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தவள் நான். எங்கள் விடுதியில் மாலை ஆறரைக்கு அட்டெண்டன்ஸ், உடனே கேட்டுக்குப் பூட்டு. நூலகமோ எட்டு மணி வரை உண்டு. ரெஃபரன்ஸ் புத்தகங்களை வெளியே தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் குறிப்பெடுக்க வேண்டும். பையன்கள் டீ குடித்துவிட்டுச் சாவகாசமாகப் போவார்கள். எங்களுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் நஷ்டம். இரண்டு வருடத்துக்கு எவ்வளவு என்று என்னிடம் கணக்குப் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்!

விடுதி வாழ்க்கையே மோசம் என்று சொல்லவில்லை. எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மாணவிகளே கணக்கெழுதி, சாப்பிட்டவர்களுக்குப் பங்கு போடுவோம். அரிசி மூட்டையை எடை பார்த்து வாங்குவது முதல் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவது வரை எங்கள் பொறுப்பு. குடும்பம் நடத்த அங்கேதான் கற்றேன். இருநூறு பேருக்குச் சோறு போடத் தெரிந்தவளுக்கு இருட்டிய பின் நூலகம் போய்வரத் தெரியாது என்று நினைத்தார்களே, அதுதான் வேடிக்கை.

பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விடுதி மாணவிகளுக்கு மட்டும் விதிக்கக் கூடாது என்று யுஜிசி 2016-லேயே விதி போட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது 'கூண்டை உடை', என்று இறங்கினார்கள். இன்றும் பல விடுதிகளில் இருபாலருக்கும் இரண்டு நேரம்தான்.

"ஏதாவது ஆயிட்டா யார் டீச்சர் பொறுப்பு?" என்பீர்கள். அந்தப் பயம் பொய்யில்லை, நானும் பெண்ணைப் பெற்றவள்தான். ஆனால் நூலகத்திலிருந்து விடுதி வரை விளக்குப் போடவும், இரவில் வேன் விடவும், வார்டனை உள்ளேயே குடிவைக்கவும் நிர்வாகத்துக்குப் பணம் செலவாகும். பூட்டு மலிவு. பெற்றோரே "ஸ்ட்ரிக்டா?" என்று கேட்கும்போது அவர்கள் எதற்கு மெனக்கெடப் போகிறார்கள்?

இந்த வருடம் சேர்க்கப் போகிறவர்கள், நூலகம் எத்தனை மணி வரை, அதுவரை பெண்களும் இருக்கலாமா, வழியில் விளக்கு உண்டா, உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப்பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். அடுத்து போன் செய்பவர்களுக்குச் சொல்ல எனக்கு உதவும்.