சின்னாளபட்டி தறிக்கும் உங்க டச் ஸ்கிரீனுக்கும் என்ன தொடர்பு?

உங்க போன் டச் ஸ்கிரீனுக்குள்ள மின்சாரம் கடத்துற, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கு. பெரும்பாலும் அது இண்டியம் டின் ஆக்சைடு. இண்டியம் உற்பத்தியில் சீனாதான் முதலிடம். 2025 பிப்ரவரியில் இண்டியம் சார்ந்த சில பொருட்களின் ஏற்றுமதிக்கு அந்நாடு கட்டுப்பாடு விதித்தது.

மாற்று என்ன?
வெள்ளி நானோ கம்பி. தலைமுடியை விட சுமார் ஆயிரம் மடங்கு மெல்லியது. ஆக்சைடு படலம் வளைத்தால் விரிசல் விடும், இது தாங்கும்.

எப்படி தயாரிக்கிறார்கள்?
வெள்ளி நைட்ரேட்டை எத்திலீன் கிளைக்காலில் பிவிபி என்ற பாலிமருடன் சேர்த்து, சுமார் 160 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். பாலிமர் பக்கவாட்டை மூடிக்கொள்வதால் வெள்ளி நீளவாக்கில் வளரும்.

சிக்கல் எங்கே?
அப்படியே ஊற்றினால் கம்பிகள் தாறுமாறாக விழும். அதிக கம்பி தேவைப்படும், ஒளியும் மறையும். அதனால் ஒரு கோலால் ஒரே திசையில் இழுத்துப் பூசுகிறார்கள். அதன்மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு. திண்டுக்கல் மாவட்டம் சின்னாளபட்டி தறியில் பாவும் ஊடையும் போல!

இந்தியாவில்?
பெங்களூருவில் மத்திய அரசின் சென்ஸ் ஆய்வு மையம் வேறு வழியில் போனது. காய்ந்த குளம் மாதிரி வெடித்த பூச்சின் விரிசல்களில் உலோகத்தைப் படியவைத்து, வலை போன்ற படலம் உருவாக்கியது.

ஸ்ரீபெரும்புதூரில் போன் அசெம்பிள் ஆகுது, சரி. ஸ்கிரீனுக்குள் போகும் பொருளும் இங்கேயே தயாரானால்தான் அடுத்த தடைக்கு நாம பயப்பட வேண்டியதில்லை.