இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரு நம்பர் வேண்டும்

விடியற்காலையில், இட்லிப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் தாராவி 90 அடி ரோட்டை விட்டு மும்பை நகரத்தின் நாலா திசைகளுக்கும் புறப்படுகிற வேளையில், எம்.எச்.01 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டுகளுக்கு நடுவே டி.என்.72 என்று ஒன்று தென்பட்டுவிட்டால், திருநெல்வேலியில் பிறந்த என் மனம் ஒரு கணம் தாமிரபரணிக் கரைக்கே போய்விடுகிறது. சென்ற மாதம் அப்படிப்பட்ட ஸ்கூட்டர் ஒன்றின் சொந்தக்காரரான இளைஞரிடம் ஊர் விசாரித்தேன். “பாளையங்கோட்டை அண்ணாச்சி. வண்டி இங்க வந்து பதினோரு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு மாசத்துல நம்பரை மாத்தணும்னு சொல்றாங்க” என்றார்.

சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த தேசத்தில் மோட்டார் வாகனங்களுக்கென்று 1914-இல் முதல் சட்டமும், 1939-இல் இரண்டாவது சட்டமும், 1988-இல் இப்போதைய சட்டமும் பிறந்தன. இந்த மூன்றாவது சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோதுதான், மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு இலக்கம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. மும்பையில் 01 தார்தேவுக்கு, 02 அந்தேரிக்கு, 03 வடாலாவுக்கு; போரிவலிக்குப் பிற்பாடு 47 கிடைத்தது. மாட்டுங்காவில் அண்ணன் வண்டிக்கு 01-உம் செம்பூரில் தம்பி வண்டிக்கு 03-உம் அமைவது இப்படித்தான். அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருக்குமானால், அங்கே புதிய எண் பெற்றாக வேண்டும் என்கிறது.

குனிந்து அந்த ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அலுமினியத் தகடு அது. இடது ஓரத்தில் அசோகச் சக்கரம் மின்னும் ஹாலோகிராம், அதன் கீழே நீல நிறத்தில் ஐ.என்.டி., அடியில் லேசரால் பொறித்த பத்து இலக்க எண். கறுப்பு எழுத்துக்களின் மேலேயே, வெயில் சாய்ந்து விழுந்தால் மட்டும் புலப்படும்படி, இந்தியா, இந்தியா என்று சாய்வாக ஓடுகிறது. ஒவ்வோர் எழுத்தின் மீதும் தேசத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தகடு 12 மாதம் கழிந்ததும் மும்பைக்கு அந்நியமாகிவிடுகிறது. உடைத்தாலன்றிக் கழற்ற முடியாத பூட்டாணியால் அதைப் பிணைத்திருப்பதால், எண்ணை மாற்றும் நாளில் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே திருநெல்வேலி ஆபீசில் என்.ஓ.சி. என்ற ஆட்சேபமில்லாச் சான்றிதழ் வாங்கி, இங்கே புதிதாக வரி கட்டியிருக்க வேண்டும்; பிறகு, அங்கே ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். தினக்கூலி இழந்து வரிசையில் நிற்கிறவனுக்கு இது சாமானியமான காரியமன்று.

இந்தத் துன்பத்தை அரசாங்கம் அறியாமலில்லை. 2021 செப்டம்பரில் தொடங்கிய பி.எச். (பாரத்) எண் வரிசை இதற்காகவே ஏற்பட்டது. மாநிலம் மாறினாலும் எண் மாறுவதில்லை. ஆயுட்கால வரிக்குப் பதிலாக இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி செலுத்தினால் போதும். ஆனால் அது யாருக்கு? ராணுவத்தாருக்கு, அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு, பொதுத்துறை ஊழியர்களுக்கு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் சிப்பந்திகளுக்கு. மேலதிகாரியின் உத்தரவால் இடம் மாறுகிறவர்களை எண்ணி வகுத்த விதி இது. வயிற்றின் உத்தரவால் இடம் மாறுகிறவர்களை அது நினைக்கவேயில்லை. தோல் பதனிடவும், இட்லி விற்கவும், கடை வைக்கவும் தலைமுறை தலைமுறையாகத் தென்பாண்டிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊர் திரும்பி, மறுபடி வருகிற ஜனங்களுக்கு நான்கு மாநிலங்களில் அலுவலகம் வைத்த முதலாளி எங்கே கிடைப்பார்?

இவர்களுக்கும் பி.எச். எண் கொடுத்தால், மலிவான வரியைத் தேடி வெளிமாநிலத்தில் வண்டி வாங்குகிறவர்கள் அதைத் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அந்த பயத்துக்குப் பரிகாரம், இரண்டு மாநிலங்களிலும் இருப்பிடத்துக்குச் சான்று கேட்பது. ஊர்ப் பெயர் போட்ட ரேஷன் கார்டும், தாராவி வீட்டின் மின்கட்டண ரசீதும் அந்த இளைஞரிடம் இருக்கின்றன. முதலாளியின் கடிதத்துக்குப் பதிலாக அவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பி.எச். விதியைத் திருத்த வேண்டும்.