ஒரே வாக்கில் நிறைவேறும் காரியங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள 58 கவுண்டிகளுள், சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்த ஆல்பைன் என்பதில், 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி 1,204 பேர் வசித்தார்கள். அதே கணக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஜனத்தொகையை ஒரு கோடிக்குச் சற்று மேல் என்று காட்டியது. ஆயினும், நகரசபை என்று ஒன்றுகூட இல்லாத அந்த மலைப் பிரதேசத்திற்கும், 88 நகரங்களைத் தன்னுள் அடக்கிய இந்த மகா பிரதேசத்திற்கும், கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் சபையின் அங்கத்தினர் ஐவரே. அங்கே ஓர் அங்கத்தினருக்கு ஏறக்குறைய 240 பேர். இங்கே இருபது லட்சம் பேர். இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் என் சிந்தையை ஈர்ப்பது, இவ்விரு சபைகளின் நிகழ்ச்சி நிரல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது தென்படும் ஒற்றுமைதான்.

சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அங்கீகரிப்பது, தேய்ந்துபோன சாலைக்குத் தார் போட ஒப்பந்தம் செய்வது, ஆலோசனைக் கமிஷன் ஒன்றில் காலியான ஸ்தானத்தை நிரப்புவது, மனநல சிகிச்சைக்கான உடன்படிக்கையை மேலும் ஓராண்டு நீட்டிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த விஷயங்களைப் பத்திரிகைகள் பெரும்பாலும் சீந்துவதில்லை. இவற்றையெல்லாம் ஒரு தொகுதியாகக் கட்டி, விவாதம் ஏதுமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றிவிடுவது கவுண்டி சபைகளின் நெடுநாள் சம்பிரதாயம். விவசாயப் பிரதேசங்களில் இந்தத் தொகுதிக்குள் வரும் ஒருவகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 1965-ஆம் ஆண்டு வில்லியம்சன் சட்டத்தின்படி, ஒரு குடியானவர் தம் நிலத்தைக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு வீட்டு மனைகளாக்காமல் சாகுபடிக்கே வைத்திருப்பதாக வாக்களித்து, பிரதியாக நிலவரியில் சலுகை பெறுகிறார், ஒப்பந்தமோ, எவரும் விலகுவதாக அறிவிக்காத வரையில், ஆண்டுதோறும் ஓராண்டு தானே நீண்டுகொண்டு போகிறது. ஒரு பள்ளத்தாக்கு வயலாகவே நீடிக்குமா, வீடுகளாக மாறுமா என்பதை ஓரளவு நிர்ணயிக்கும் இந்தக் காரியம், நிரலில் ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் இடம் பெறுவதில்லை.

ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் வேறு கதியில்லாதபோது உதவ வேண்டிய கடமையை மாநிலச் சட்டம் கவுண்டியின்மீதே சுமத்தியிருக்கிறது. தேர்தல் நடத்துவதும், சிறைச்சாலையும், பொதுச் சுகாதாரமும் அதன் பொறுப்பு. ஷெரீப்பையும் அரசு வழக்கறிஞரையும் ஜனங்கள் தனியே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலும், அவர்கள் காரியாலயங்களுக்கு வேண்டிய பணத்தை ஒதுக்குகிறவர்கள் இந்த ஐவர்தாம்.

இவ்வளவும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்ற நியதி எளிதில் வந்துவிடவில்லை. 1952-இல் ‘ஸான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்’ பத்திரிகையில் மைக்கேல் ஹாரிஸ் என்ற நிருபர், உள்ளூர்ச் சபைகள் கதவை அடைத்துக்கொண்டு முடிவெடுக்கும் வழக்கத்தைப்பற்றித் தொடர்ச்சியாக எழுதியதன் விளைவாக, மோடெஸ்டோ நகரத்துச் சட்டசபை அங்கத்தினர் ரால்ஃப் பிரவுன் பெயரால் மறு ஆண்டே ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் இன்று நிற்கும் உருவில், வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அபூர்வமான சில விலக்குகள் நீங்கலாக, அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கலாகாது. எந்த விஷயமானாலும் வாக்கெடுப்புக்கு முன் ஜனங்கள் பேச இடமளிக்க வேண்டும். ஐவரில் மூவர் ஒரு விருந்தில் சந்தித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கவுண்டி விவகாரத்தை விவாதிக்கக் கூடாது. ஒருவரையொருவர் முகம் தெரிந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஆல்பைன் போன்ற ஊரில் இந்த விரதத்தைக் காப்பது லேசான காரியமாக இருக்க முடியாது. அங்கும் அது சட்டமாக இருப்பதை நான் மனமார மதிக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலேயே எந்த நகரத்தின் எல்லைக்கும் உட்படாத நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மேயர் இல்லை, நகரசபை இல்லை. அவர்கள் ஊரின் உள்ளாட்சி அந்த ஐவர் சபையே. 2025 ஜனவரி 7 அன்று மாலை மூண்ட ஈட்டன் தீயில், 9,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தபோது, பெருஞ்சேதத்துக்கு ஆளான ஆல்டடீனா அப்படிப்பட்ட ஓர் ஊர். வீடு இழந்தவர் திரும்பக் கட்டுவதற்கு அனுமதி தரும் இலாகாவும், நிலவரியைக் குறைத்து மதிப்பிடக் கோரும் மனுவைப் பெறும் காரியாலயமும் கவுண்டியைச் சேர்ந்தவையே.

இத்தகைய விபத்தின்போது பிரகடனம் செய்யப்படும் உள்ளூர் அவசர நிலை, நீடிக்க வேண்டுமா என்பதைச் சபை 60 நாளைக்கு ஒருமுறையாவது பரிசீலிக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. அதிகாரிகள் கையில் வழக்கத்துக்கு மேற்பட்ட அதிகாரம் காலவரையின்றித் தங்கிவிடக் கூடாது என்ற கவலையே இந்த விதியின் உயிர். அத்தகைய விஷயமும், தார் போடும் ஒப்பந்தத்தோடு சேர்ந்து ஒரே வாக்கில் போய்விடுமானால், பரிசீலனை நடந்ததாகப் பதிவு இருக்கும், பரிசீலனை இராது. எவ்வளவு குப்பை அகற்றப்பட்டது, எத்தனை குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன, அந்த விசேஷ அதிகாரங்களுள் எவை இன்னும் தேவை என்ற கேள்விகளை யாரேனும் ஒருவர் எழுப்பி, இலாகாத் தலைவர் எழுந்து பதில் சொல்ல வேண்டாமா?

தொகுதியாக நிறைவேற்றுவதே தவறு என்பது என் கட்சியன்று. ஒரு கோடி ஜனங்களின் நிர்வாகத்தில் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் விவாதிக்கப் புகுந்தால், மருத்துவமனைக்கு மருந்து வாங்க முடியாது. எந்த அங்கத்தினரும் ஒரு விஷயத்தைத் தொகுதியிலிருந்து பிரித்து விவாதத்துக்கு வைக்கக் கேட்கலாம் என்ற உரிமை இருப்பதால்தான் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்த உரிமையைப் பிரயோகிக்கத் தூண்டுபவர் பல சமயங்களில் அங்கத்தினர் அல்லர். இணைப்புக் கடிதத்தின் பத்தாம் பக்கம் வரை பொறுமையாகப் படித்துவிட்டு வந்து, தமக்கு அளிக்கப்பட்ட ஒன்றிரண்டு நிமிஷங்களில் ஒரு தொகையையோ தேதியையோ சுட்டிக்காட்டும் சாதாரணப் பிரஜை. அத்தகையவர்களுக்கு அனுகூலமாக நிரலை எழுதுவது சபையின் முதற்கடமை. எந்த ஊரைப் பற்றியது, எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது, மறுத்தால் என்ன நேரும் என்ற நான்கும் தலைப்பு வரியிலேயே தெளிவாக இருந்துவிட்டால், 72 மணி நேரம் போதும்.

2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்கள், சிறு வித்தியாசத்தில், தங்கள் சபையின் அங்கத்தினர் தொகையை ஒன்பதாக உயர்த்தும் திட்டத்தை ஏற்றார்கள். 2032 தேர்தலில் அது பூரணமாகும். வரவேற்கத்தக்கதே. அதற்கு அத்தனை ஆண்டுகள் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தச் சபை கூடுவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. கூலிக்கு உழைப்பவரும், கடையைத் திறக்க வேண்டியவரும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவரும் அந்த வேளையில் மண்டபத்துக்கு வர முடியாது. தொலைபேசியில் பேசும் வசதி ஒருபுறம் இருக்கட்டும்; மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது மாலையில், அதுவும் நகரசபையற்ற ஊர்களிலேயே நடத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதல் கூட்டத்தை ஆல்டடீனாவில் வைக்கலாம்.