மருந்துக் கடையும் ஆராய்ச்சி அறநெறியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் சிறு நோய் கண்டவர் பலர் முதலில் நாடுவது மருந்துக் கடையையே. யார் எம்மருந்தை எத்தனை நாள் உண்கின்றனர் என்பதை மருந்தாளுநர் அறிவார். ஆகவே, நோய்களையும் மருந்துகளின் தீய விளைவுகளையும் ஆராய்வோர் அவர் துணையை வேண்டுகின்றனர். இத்துணை நன்மை பயப்பதே. ஆயினும், மருந்து வழங்கக் கற்ற பயிற்சி மட்டும் இதற்குப் போதாது.

2009ஆம் ஆண்டில், அன்று ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த கம்மம் மாவட்டத்தில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய திட்டமொன்று நடைபெற்றது. பாத் என்னும் அமெரிக்க நிறுவனம் நடத்திய அத்திட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பங்கு கொண்டது. 2010இல் அது நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தின் 9,543 சம்மதப் படிவங்களுள் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டிருந்தனர் என்பதை 2013இல் நாடாளுமன்றக் குழு எடுத்துக் காட்டிற்று. தடுப்பூசி பயனுடையதே, சம்மதம் பெற்ற முறையே பிழையுடையது. பெற்றோர் அறிந்து கூற வேண்டிய விடையை, அவர்களுடைய பிள்ளைகளைக் காத்து வந்தவர்கள் கூறிவிட்டனர்.

மருந்துக் கடையிலும் இத்தகைய தவறு நேரக்கூடும். கடனுக்கு மருந்து வாங்கும் முதியவர், கடைக்காரர் நீட்டும் படிவத்தை மறுக்கத் துணிவாரா? தமிழும் உருதும் பேசுவோர் வாழும் சித்தூரில் தெலுங்குப் படிவம் மட்டும் போதுமா? பல மொழி பேசும் யாத்திரிகர் கூடும் திருப்பதியில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. புரியாத மொழியில் இடப்பட்ட கைநாட்டு சம்மதமாகாது. மருந்துச் சீட்டிலுள்ள பெயரைப் பிறரிடம் கொடுப்பதும் நம்பிக்கைத் துரோகமே.

2020ஆம் ஆண்டின் டிப்ளமா பாடத்திட்டத்தில் அறநெறி இடம்பெற்றுள்ளது. ஆனால் அதற்கு முன்னரே பட்டயம் பெற்றுக் கடை நடத்துவோருக்கும் இக்கல்வி எட்டவேண்டும். அது விதிகளை ஒப்புவிப்பதாக அமைதல் கூடாது. கடை முகப்பில் எழும் நிகழ்ச்சிகளைக் கொண்டு அவரவர் மொழியில் கற்பிக்கப்படுதல் வேண்டும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று ஆராய்ச்சியாளரை வினவவும், “மறுத்தாலும் உமக்கு மருந்து உண்டு” என்று நோயாளியிடம் கூறவும் மருந்தாளுநர் பழகவேண்டும்.

கம்மத்தில் கையெழுத்திட்டவர்கள் தீயோர் அல்லர், கற்பிக்கப்படாதவர்கள். களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை மறத்தலாகாது.